முதல் பக்கத்துச் சுழி

நான் வரையும் காமிக்ஸில் ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வந்து "ஆள் எங்கே?" என்று கேட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். ஆள் கிடையாது, வசனம் கிடையாது, ஒரு நாய் பூனைகூடக் கிடையாது. கட்டங்கள் உண்டு. பக்கத்துக்கு ஆறு, சில பக்கங்களில் ஒன்பது. முதல் கட்டத்தின் மூலையில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். இரண்டாவது கட்டத்தில் அது கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஆறாவதில் பாதியாகப் பிளந்திருக்கும். ஏன் நகர்ந்தது, ஏன் பிளந்தது என்று நீங்கள் கட்டத்துக்குக் கட்டம் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இதற்கு அரூப காமிக்ஸ் என்று பெயர். எங்கள் ஊரில் இதைச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு ஆட்டோவில் எல்லோரையும் ஏற்றிவிடலாம், அதிலும் நான் காலை நீட்டி உட்காரலாம்.

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் எதிர்வீட்டு மாமி ஒருநாள் என் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ரொம்ப நன்னா இருக்குடி. எங்காத்துக்குப் பேரன் வந்திருக்கான். உக்காந்து கலர் அடிச்சிண்டிருப்பான், ரெண்டு ஷீட் தரியா?" என்றார். வெளிநாட்டிலிருந்து வந்த என் அண்ணன், "இதைப் புடவை பார்டருக்குப் போட்டா செமயா இருக்கும், தி.நகர்ல யாரையாவது பிடி" என்று யோசனை சொன்னான். என் கணவர் பரவாயில்லை ரகம். வங்கியில் வேலை. நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதற்கு முன்பே "சூப்பர்" என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்கள் "மேடம் என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "அனிமேஷன் லைன்ல இருக்கா" என்பார். என் திட்டுகள் தாளில் போட்ட இடத்தைவிட்டு ஒரு நூல் அசையாது, சத்தியமாக.

இந்த வயிற்றெரிச்சலுக்கெல்லாம் முன்னால் நான் தி.நகரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் பதினோரு வருஷம் குப்பை கொட்டினேன். ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி, அட்சய திருதியை, திரும்ப ஆடி. ஒருமுறை நகைக்கடை விளம்பரம் ஒன்றுக்கு, ஒரு பெண்ணின் காதிலிருந்து தோள் வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டேன். அது நன்றாக வந்திருந்தது, எனக்கே தெரிந்தது. கடை முதலாளியின் மச்சான் வந்தார். அவருக்கு அந்தக் கடையில் என்ன பதவி என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. "கோடு ஒல்லியா இருக்கே, கொஞ்சம் சதை போடுங்க" என்றார். என் பக்கத்து நாற்காலிக்காரன் மவுஸைப் பிடித்து அங்கேயே சதை போட்டான். மறுவாரம் அந்தச் சதை உஸ்மான் சாலையில் நான்கு மாடி உயரத்துக்குத் தொங்கியது. பஸ்ஸில் தினம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

வேலையை விட்ட அன்று ஒரு சபதம் செய்தேன். இனிமேல் என் பக்கத்தில் என் கையைத் தவிர இன்னொரு கை படக் கூடாது. ஒரு கோடு, ஒரு புள்ளி கூடாது. நான் போட்டதெல்லாம் என்னுடையதாக இருக்க வேண்டும், என்னுடையதல்லாத எதுவும் அதில் இருக்கக் கூடாது. இதைச் சொல்கிறபோது எனக்கு எவ்வளவு பெருமை என்றால், கேட்க ஆள் இல்லாதபோதும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு வருஷம் உட்கார்ந்து தொண்ணூற்றாறு பக்கம் வரைந்தேன். பதிப்பகம் எதுவும் போடாது என்பது தெரிந்ததால் நானே போட முடிவு செய்தேன். சுயாதீனக் கலைஞர் என்று எங்களைக் கௌரவமாகச் சொல்கிறார்களே, அது இதுதான்.

மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மூச்சுமுட்டக் கிடக்கும் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பள்ளிக்கூட டைரி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பிறப்பிலிருந்து இறப்பு வரை எல்லாம் அங்கே அச்சாகும். முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு என் பக்கங்களை வாங்கிப் பார்த்தார்.

"படம் வந்துடுச்சு. மேட்டர் எப்ப தருவீங்க?"

அச்சகத்தில் மேட்டர் என்றால் எழுத்து. "மேட்டர் இல்ல சார்" என்றேன்.

"எதுவுமே இல்லையா?"

"இல்ல சார். இவ்வளவுதான் புத்தகம்."

வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு டைரி கணக்கில் சேர்த்துவிட்டார். அவர் பார்வையில் அது மக்கள் எழுதிக்கொள்ள இடம் விட்ட ஏதோ ஒன்று.

பக்கங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் சுத்தம் பண்ணி, அச்சுக்குத் தயார் செய்கிற டி.டி.பி. வேலைக்கு அங்கே ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மாதா படம் ஒட்டியிருந்தாள். அம்மா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறவர் என்றும், இவள் ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச்சுக்குப் போய்விடுவாள், வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்றும் முதல் நாளே சொல்லிவிட்டாள். நான் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பன்னிரண்டு நாள் கழித்தேன்.

வேலை இப்படி. ஒரு பக்கத்தைத் திரையில் நான்கு மடங்கு பெரிதாக்குவாள். பெரிதாக்கினால் மானம் போகும். ரப்பர் துகள், தலைமுடி, டீ தெறித்தது, பூமியில் உள்ள தூசி எல்லாம் தெரியும். ஒவ்வொன்றாக அம்புக்குறியை வைத்துக் கேட்பாள்.

"மேடம், இது உங்களுதா, அழுக்கா?"

"என்னுது."

"இது?"

"அழுக்கு."

"இதுக்குக் காலு கீதே மேடம்."

பதினைந்தாம் பக்கத்தில் ஒரு கொசு. நான் எப்போதோ அடித்து, அதன் மேலேயே மை பூசியிருக்கிறேன். நிறைய யோசித்துவிட்டு "அழுக்கு" என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு அழித்தாள். முதல் பதினேழு பக்கங்களிலும் வலது மேல்மூலையில் ஒரு பொடிப் புள்ளி வந்துகொண்டே இருந்தது. "இது?" என்றாள். நான் கொஞ்சமும் தயங்காமல் "என்னுது, வேணும்னு வெச்சது" என்றேன். அப்படி ஒன்றை வைத்த ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் அது இருந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன். ஆறாம் நாள் கேட்பதையே பாதி நிறுத்திவிட்டாள். "இது உங்களுது இல்லக்கா, உங்க புள்ளி எல்லாம் எடப்பக்கம் சாயும்" என்று தானே அழித்தாள். நான் அசல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. ஐம்பத்திரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னாக்கா இது, போன பக்கத்துல இந்தக் கறுப்பு பயந்துக்கினு ஓரமா கெடந்துச்சு. இங்க தெனாவட்டா நடுவுல நிக்குது. ரெண்டுத்துக்கும் நடுவுல இன்னா ஆச்சு?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்கு வருஷமாக ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கட்டின புருஷன் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பக்கம் போம்மா" என்று சிடுசிடுத்தேன்.

பத்து நாள் கழித்து முந்நூறு பிரதிகள் வீட்டுக்கு வந்தன. மீதிக் கட்டு ஒன்று அச்சகத்திலேயே இருந்தது. பிரித்து முதல் பக்கத்தைத் திருப்பினேன். முதல் கட்டத்துக்கு மேலே, நான் மூச்சுவிட இடம் வேண்டும் என்று வெள்ளையாக விட்டிருந்த இடத்தில், நட்டநடுவே ஒரு பிள்ளையார் சுழி.

அச்செழுத்து உகரம் அல்ல. கையால் இழுத்தது. சுழித்து, ஒரு கணம் தயங்கி, பிறகு வால் நீண்டு போய்க் கட்டத்தின் மேல்கோட்டை இடித்துக்கொண்டு நின்றது. என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அட, இதுல ஒண்ணு எனக்குப் புரியுதே!" என்றார். அந்த நிமிஷத்தில் அவரை என்ன செய்திருந்தாலும் எந்தக் கோர்ட்டும் என்னை விட்டிருக்கும்.

ஆட்டோ பிடித்து அச்சகத்துக்குப் போனேன். புத்தகத்தை அவள் விசைப்பலகையின் மேல் விரித்துப் போட்டேன்.

"யாரைக் கேட்டும்மா போட்டே இதை?"

அவள் பார்த்தாள். பயந்த மாதிரியே தெரியவில்லை. "ஐய, அதுவாக்கா. கடைசியா அச்சு பிளேட்டுக்கு அனுப்பறப்போ பாத்தேன். கறுப்பா கட்டம் கட்டி, மேல ஒண்ணும் இல்லாம மொட்டையா கீது. இங்க மேல ஒண்ணும் போடலன்னா அது கருமாதி பத்திரிகைக்கா. கல்யாணம்னா சுழி. எங்காளுங்களுக்கு சிலுவ. பாய் வூட்டுதுன்னா எழுநூத்தி எம்பத்தாறு. செத்தவங்களுக்குத்தான் ஒண்ணும் போட மாட்டோம். இது உங்க மொத புக்கு. கண்ணீர் அஞ்சலி மாதிரி போய் இறங்கக் கூடாதுன்னு போட்டேன். ஃபான்ட்ல கீற உ அசிங்கமா இருந்துச்சு, அதான் மவுஸ்லயே இழுத்தேன்."

"என் புத்தகத்துல என் கோட்டைத் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது! எத்தனை தடவை சொன்னேன்? ஒரு புள்ளி இருக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"புள்ளியா?" என்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி தெரிந்தது. "அக்கா, மேல மூலையில ஒரு புள்ளி வந்துக்கினே இருந்துச்சே, வேணும்னு வெச்சதுன்னீங்களே. அது ஸ்கேனர் கண்ணாடியில இருந்த அழுக்கு. அடுத்த நாளு ஒருத்தரு ஆதார் கார்டு ஸ்கேன் பண்ணாரு. அதுலயும் உங்க புள்ளி இருந்துச்சு. அப்பால கண்ணாடிய தொடச்சுட்டேன். நீங்க ஆசையா சொன்னீங்களேன்னு பதினேழு பக்கத்துலயும் அத்த அப்படியே வுட்டுட்டேன்."

முதலாளி காகிதக் கட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முந்நூறு பிரதிகளிலும் முதல் பக்கத்தைக் கிழித்துவிடுவது என்று தீர்மானித்தேன். கணவர், "பிள்ளையார் சுழியைக் கிழிச்சா நல்லாவா இருக்கும்?" என்று இழுத்தார். நான் பார்த்த பார்வையில் டிவி பக்கம் போய்விட்டார். ஆனால் மறுநாள் மாலை அடையாறில் என் புத்தகத்துக்கு ஓர் அறிமுகக் கூட்டம் இருந்தது. அங்கே ஒரு பழைய பங்களாவை ஒருவர் கலைக்கூடமாக மாற்றி வைத்திருந்தார். கண்காட்சி வைப்பார், புத்தகம் அறிமுகம் செய்வார், சுண்டலுக்குக்கூட ஆங்கிலத்தில் ஒரு பெயர் எழுதி வைப்பார். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதை ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வார். அவருக்கு அச்சகத்திலிருந்தே ஒரு பிரதி போயிருந்தது. கிழிக்கிற வேலையைக் கூட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று போனேன்.

நாற்பது பேர் இருந்தார்கள். கைத்தறிச் சேலை, கோலாப்பூரி செருப்பு, மண் கோப்பையில் காபி. கூடத்தின் பின்பக்கம், அச்சகத்தில் மிச்சமிருந்த கட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதன் மேலேயே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போ என்று முதலாளி அனுப்பியிருக்கிறார்.

கலைக்கூடக்காரர் என் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அதில் வைத்து அனுப்பச் சொல்லி நான் அச்சகத்தில் கொடுத்திருந்த கார்டு இரண்டாம் பக்கத்தில் செருகின இடத்திலேயே அசையாமல் இருந்தது. மனிதர் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. அந்தப் பக்கத்தைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

"இந்த மார்க்கைப் பாருங்க. தனக்குள்ளயே சுருண்டு, ஒரு செகண்ட் தயங்கி, அப்புறம் வெளிய வருது. அந்த வால் ஃபிரேமை டச் பண்ணுது பாருங்க, அங்கதான் இந்த புக்கோட மொத்த வயலன்ஸும் ஸ்டார்ட் ஆகுது."

பிள்ளையாருக்கு இப்படி ஒரு கேஸா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கைத்தறிச் சேலை ஒருவர் கண்ணை மூடி "ம்ம்ம்" என்றார். நாற்பது பேரில் ஒருத்தருக்குமா அது என்ன என்று தெரியாது? தெரியாமல் என்ன? வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வாயைத் திறந்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், மூடிக்கொண்டார். அந்த இடத்தில் அதைச் சொன்னால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

"சொல்லுங்க, இது எப்படி உங்களுக்கு வந்தது?" என்று என்னைக் கேட்டார்.

சார், அது பிள்ளையார் சுழி, அச்சகத்தில் ஒரு பெண் போட்டது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நாற்பது முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கலர் அடிக்க ஷீட் கேட்காத நாற்பது பேர்.

"தானா வந்தது" என்றேன். கண்ணை வேறு லேசாக மூடிக்கொண்டேன்.

கை தட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் என்னைச் சூழ்ந்து நின்றபோது அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "மேடம், கட்ட எங்க வெக்கட்டும்?" என்றாள். நான் ஒரு மேஜையைக் காட்டினேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீடு வரைக்கும் அந்த "மேடம்" எனக்கு உறுத்திக்கொண்டே வந்தது. ஆனாலும் முந்நூறு பிரதிகளில் ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை.

மறுவாரம் கலைக்கூடக்காரர் போன் செய்தார். பெரிய கண்காட்சி ஒன்று வைக்கிறாராம், வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்களாம். எனக்கு ஒரு முழுச் சுவர். முதல் பக்கத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, அதன் பக்கத்தில் கையால் வரைந்த அசலைச் சட்டம் போட்டு மாட்டுவாராம். "ஒரிஜினலை வியாழக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

நான் இத்தனை வருஷமாகக் கேட்டது ஒரு சுவர்தான். கேட்டது கிடைத்துவிட்டது. அலமாரியிலிருந்து அசல் பக்கத்தை எடுத்தேன். ஆறு கட்டங்கள். மேலே வெறும் வெள்ளை.

சரி, நாமே போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன். இதில் என்ன கஷ்டம்? பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பரீட்சைத் தாளின் மேலேயும் போட்ட கை இது. வேறு தாள்களில் பழகிப் பார்த்தேன். தூரிகையால், நிப்பால், இடது கையால், கண்ணை மூடிக்கொண்டு என்று எல்லா விதத்திலும் முயன்றேன். ஒன்று காது மாதிரி வந்தது, ஒன்று ஜிலேபி. மற்றதெல்லாம் அழகாக வந்தன, அதுதான் கோளாறு. என் சுழி ஒவ்வொன்றும் தன்னைப் பார் என்று இடுப்பில் கை வைத்து நின்றது. அவள் போட்டதில் அந்தப் பகட்டு இல்லை. யாருக்கோ நல்லது நடக்கட்டும் என்று போட்டது, அவ்வளவுதான். நூறு தாளுக்கு மேல் வீணாக்கிவிட்டு, புதன்கிழமை காலை அசல் பக்கத்தை அட்டைக்குள் வைத்து, பேனாவையும் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன்.

அவள் ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்துக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லுங்க மேடம்."

அட்டையைப் பிரித்துப் பக்கத்தை மேஜையில் வைத்தேன். "இங்க, அன்னிக்குப் போட்ட மாதிரியே ஒண்ணு போட்டுக் கொடும்மா."

"அதான் தானா வந்துச்சுன்னீங்களே" என்றாள். "வூட்ல வெச்சுக்கினு குந்திருங்க மேடம். இன்னொரு தபா வரும்."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "நான் சொன்னது தப்புதான்" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அங்கதான் நாப்பது பேரு இருந்தாங்க."

அங்கேயே கலைக்கூடக்காரருக்குப் போன் போட்டேன். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். உள்ளதைச் சொன்னேன். அந்த மார்க் பிள்ளையார் சுழி, நான் போட்டதில்லை, இங்கே பிரஸ்ஸில் ஒரு பொண்ணு போட்டது, அசலில் அது இல்லை. சுவர் போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் சிரித்தார்.

"ஓ, பியூட்டிஃபுல்! இதுல என்ன இருக்கு? பிரஸ்ல பண்ணினது ஆக்சிடென்ட். அந்த ஆக்சிடென்டைக் கிழிக்காம வெச்சுக்கிட்டீங்களே, அதான் ஆர்ட். ஒரிஜினல்ல நீங்களே போட்டு அனுப்பிடுங்க. யார்கிட்டயும் இதைச் சொல்ல வேண்டாம், ஓகேவா?"

"ம்..." என்றேன். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குக் கால் தரையில் படவில்லை. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, சுவரும் கையை விட்டுப் போகவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்?

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் இப்போதுதான் முழுசாக என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"ஆக்சிடென்ட்டா?" என்றாள். "பதினாலு வருஷமா இந்தச் சேர்ல கீறேன். யாருக்கு சுழி, யாருக்கு சிலுவ, யாருக்கு ஒண்ணும் போடக் கூடாது, ஒரு தபா மாத்தி வெச்சதில்ல. பாத்து, யோசிச்சுப் போட்டேன் மேடம். ஆக்சிடென்ட்டாம்."

"அவர் அப்படித்தாம்மா பேசுவார்..."

"அவரு வுடுங்க. அவரு என் பேரக் கேக்கல. கேக்க மாட்டாரு. நீங்க 'பிரஸ்ல ஒரு பொண்ணு'ன்னீங்க. எந்தப் பொண்ணு?" குரல் உயரவில்லை. "என் பேரு இன்னா, சொல்லுங்க பாப்போம்."

வாயைத் திறந்தேன். வரவில்லை. பன்னிரண்டு நாள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தோம். என் புள்ளி எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அம்மா எங்கே மீன் விற்கிறார் என்று எனக்குத் தெரியும். என்னம்மா, பாரும்மா, அடுத்த பக்கம் போம்மா என்றே ஓட்டியிருக்கிறேன். போனில் இருக்கும் என்று ஒரு நப்பாசையில் திறந்து தேடினேன். அவளும் எட்டிப் பார்த்தாள். அவள் எண்ணை 'பிரஸ் டிடிபி' என்று சேமித்து வைத்திருந்தேன். அதற்கு மேலே 'பால்', அதற்குக் கீழே 'பிளம்பர்'.

எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. என் கோட்டின் மேல் எவனோ ஒரு மச்சான் சதை போட்டான் என்று பதினைந்து வருஷமாக ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருக்கிறேன். அந்த மச்சானுக்கு என் பெயர் தெரியாது என்பதையும் சேர்த்துத்தான் புலம்புவேன்.

அவள் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, இருந்ததை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அதை நான் இங்கே எழுதவில்லை. பிற்பாடு, இந்தக் கதையில் எழுதட்டுமா என்று கேட்டேன். "கதையில வாணாம், சொவுத்துல போடுங்க, போதும்" என்றாள்.

பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தொடவில்லை. "மொதல்ல போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். இந்த முறையும் ஸ்பீக்கரில். அவர் உற்சாகமாக எடுத்தார். சுவரில் என் பெயரோடு இன்னொரு பெயரும் அதே அளவில் வர வேண்டும், வராவிட்டால் பக்கம் வராது என்றேன். அவள் பெயரைச் சொன்னேன்.

"யாரு?" என்றார்.

மறுபடியும் சொன்னேன், இனிஷியலோடு.